சிவப்பாகத் தெரிந்த எங்கள் தெருவும் சுவரில் இருந்த கரிக்கோடும்

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலை வேளையில், வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்கு அருகிலுள்ள சமூக நலக்கூடத்தில், வெள்ளைத் திரை கட்டி ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். வெள்ள அபாயம் மிகுந்த இடங்களுக்குச் சிவப்பு, அதற்கு அடுத்த நிலைக்கு ஆரஞ்சு, மற்றவற்றுக்குப் பச்சை என்று நிறம் கொடுத்திருந்தார்கள்; எங்கள் பகுதி முழுவதும் ஒரே சிவப்பாக இருந்தது. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர், "எப்பா, இதுல நம்ம வூடு எங்க கீது?" என்று கேட்டார். மடிக்கணினியை இயக்கிக்கொண்டிருந்த இளைஞர் தெருவின் பெயரைக் கேட்டார். ஆயா "மில்லுக்காரர் லைன்" என்றார். வரைபடத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை. தெருப்பலகையில் எழுதியிருக்கும் எண் எனக்குத் தெரியும். ஆனால் அந்த எண்ணைச் சொல்லி இங்கே யாரும் யார் வீட்டுக்கும் வழி கேட்டதில்லை. அத்தோ கடை முனை, பம்ப் அவுஸ் சந்து, ரேஷன் கடை முக்கு, மில்லுக்காரர் லைன் என்றுதான் தபால்காரர் முதல் சிலிண்டர் போடுபவர் வரை எல்லோரும் புழங்குகிறார்கள். அன்று மாலை ஆயாவின் வீட்டை அந்தத் திரையில் யாராலும் காட்ட முடியவில்லை.

அந்தக் கூட்டத்தில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டுக் காலம், எங்கள் பகுதிக்கென ஒரு வெள்ள மீள்திறன் திட்டம், அதாவது வெள்ளத்தைத் தாங்கி மீண்டெழுவதற்கான திட்டம், தயாரிக்க வந்த ஆலோசனைக் குழுவினருடன் உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக நான் வேலை செய்தேன். பகலில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் எங்கள் தெரு இரவுப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். நகரத் திட்டமிடல் எனக்குத் தொழில் அல்ல. அந்த ஓராண்டில் நாங்கள் சரியாகச் செய்தவையும் சொதப்பியவையும், இதே போன்ற பகுதிகளில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தாத்தா பக்கிங்காம் கர்நாடிக் மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதும், 1921இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதிக் கலவரமாகத் திரும்பியதும் அவர் பிறப்பதற்கு முந்தைய கதைகள். ஆனாலும் நேரில் பார்த்தவர் போலச் சொல்வார். என் அப்பாவும் அதே மில்லுக்குப் போனார். 1996இல் மில் மூடப்பட்டபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எங்கள் தெருவில் இருந்த அடையாளம் பெயரளவில் மட்டுமே மில்லுடையது. ஆட்டோ, பெயிண்ட் வேலை, வீட்டு வேலை, மூட்டை தூக்குதல், துப்புரவுப் பணி என்று பிழைப்பு பிரிந்துபோனது. 1962க்குப் பிறகு பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அதற்கு முன்பே இங்கே குடியேறி, அத்தோ, மொய்ங்கா என்னும் பர்மிய நூடுல்ஸ் உணவுகளை எங்கள் மாலை நேரத்துக்குப் பழக்கிவிட்டிருந்தார்கள். வெளியே இருப்பவர்களுக்கு வியாசர்பாடி என்றால் வேறு ஒரு படம் மனத்தில் ஓடும். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது முகவரியில் பெரம்பூர் என்று போடச் சொல்லி எனக்கு அறிவுரை கூறியவர்கள் பலர். ஒருமுறை நானும் அப்படிப் போட்டிருக்கிறேன். எங்கள் பகுதிக்குத் திட்டம் போட வருபவர்கள் இந்தச் சிறு வெட்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் எப்படி வருகிறது என்பதை இங்குள்ளவர்கள் அனுபவத்தால் அறிவார்கள். தெற்கே அரக்கோணம் செல்லும் ரயில் தடத்தின் மேடு; கிழக்கே கும்மிடிப்பூண்டி தடமும் பக்கிங்காம் கால்வாயும். நடுவில் தாழ்வாக நாங்கள். வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் பக்கமாகக் கேப்டன் காட்டன் கால்வாய் ஓடிப் பக்கிங்காம் கால்வாயில் சேருகிறது. அயனாவரம், ஓட்டேரி, புளியந்தோப்பு வழியாக வரும் ஓட்டேரி நல்லா என்ற ஓடையும் பேசின் பிரிட்ஜ் அருகே அதே பக்கிங்காம் கால்வாயில்தான் விழுகிறது. ஒரு காலத்தில் படகுகள் விறகும் உப்பும் ஏற்றிச் சென்ற அந்தக் கால்வாய் வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தை எட்டுகிறது. ஆகவே எங்கள் தெருவில் பெய்த மழை கடலுக்குப் போக வேண்டுமானால் பல மைல் தூரம் சரிவே இல்லாத ஒரு பாதையில் மெல்ல நகர வேண்டும். அந்த நேரத்தில் கடலில் ஏற்றம் இருந்தால் நகரவும் நகராது. மழை நின்று வெயில் அடிக்கும் நாளில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய அனுபவம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. வானத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு அது புதிராக இருக்கும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் எங்களுக்கும் மற்ற சென்னைக்கும் உள்ள நேர்வழி அறுந்துவிடும் என்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மீள்திறன் என்ற சொல் எங்களிடம் வந்து சேர்ந்த கதை சுருக்கமானது. ராக்பெல்லர் அறக்கட்டளை 2013இல் தொடங்கிய நூறு நகரங்களுக்கான மீள்திறன் திட்டத்தில் 2014 டிசம்பரில் சென்னை தேர்வானது. சரியாக ஓராண்டில், 2015 டிசம்பரில், நகரமே மூழ்கியது. 2019இல் சென்னைக்கான மீள்திறன் ஆவணம் வெளியானது. புயல், வெள்ளம் போன்ற திடீர் அடிகள் ஒரு வகை. தண்ணீர்ப் பஞ்சம், குப்பை, வேலையின்மை போன்ற நாள்பட்ட இறுக்கங்கள் மற்றொரு வகை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தச் சிந்தனையின் அடிப்படை. எனக்கு அது பிடித்திருந்தது, ஏனென்றால் எங்கள் பகுதியில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஆனால் கூட்டத்தில் இந்தச் சொல்லை நான் தமிழில் விளக்கியபோது ஓர் அக்கா சிரித்துக்கொண்டே, "தாங்கிக்கினுதானே கீறோம், இன்னும் எவ்ளோ தாங்கணும்?" என்று கேட்டார். அதன் பிறகு அந்தச் சொல்லை நான் எங்கள் கூட்டங்களில் பயன்படுத்தவில்லை. "தண்ணி வந்தா யாருக்கு என்ன ஆகும், அதை எப்படிக் குறைக்கலாம்" என்று நேராகப் பேசினோம். திட்டத்தின் பெயரை மக்கள் புழங்கும் பேச்சில் சொல்ல முடியவில்லை என்றால், அந்தத் திட்டம் என்ன செய்யப்போகிறது என்பது சொல்பவருக்கே தெளிவாக இல்லை என்று நான் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மாதம் நடந்த வீட்டுக் கணக்கெடுப்பு முழுவதும் வீணானது. அதற்குக் காரணம் நாங்கள்தான், அதாவது பதில் சொன்ன மக்கள். ஒரு பாதிப் பேர் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தங்கள் வீட்டுக்குள் தண்ணீரே வரவில்லை என்று சொன்னார்கள். இன்னொரு பாதிப் பேர் இடுப்பளவு வந்தது என்றார்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இந்த நிலை. கணக்கெடுத்த மாணவர்கள் குழம்பிப்போனார்கள். எங்களுக்குக் குழப்பமே இல்லை. அந்தப் புயலுக்குப் பிறகு குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் நிவாரணம் வந்தது; ஆகவே கணக்கெடுப்பு என்றால் இன்னொரு நிவாரணத்துக்கான பட்டியல் என்று சிலர் நினைத்தார்கள். மற்றவர்கள் நினைத்தது வேறு. வெள்ளம் வரும் வீடு என்று எழுதிக் கொடுத்தால், அபாயப் பகுதி என்று சொல்லி இடத்தைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பயம் அது.

அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்ட காலத்தில் குடியிருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித்தருவதுதான் பெரும்பாலும் வழக்கம். 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பின்னர் பெரும்பாக்கம் என்று நகரின் தென் விளிம்பில் குடியிருப்புகள் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பலவற்றை அங்கே மாற்றியதற்குச் சொல்லப்பட்ட காரணமே வெள்ளப் பாதுகாப்புதான். என் சித்தி மகள் குடும்பம் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் போனது. வேலை செய்த வீடுகள் இங்கே, தூங்கும் வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்தப் பக்கமும் மழைக்காலத்தில் தண்ணீரில் நிற்கிறது என்பதுதான் இதில் கசப்பான பகுதி. ஆகவே எங்கள் மக்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கேட்கப்பட்ட கேள்விக்குப் பின்னால் இருந்த, கேட்கப்படாத கேள்விக்கு அவர்கள் பதில் சொன்னார்கள்.

இதிலிருந்து நான் கற்ற முதல் நடைமுறைப் பாடம் இதுதான்: எந்தக் கணக்கெடுப்புக்கும் முன்னால், இந்தத் திட்டத்தின் முடிவில் யாரையாவது இடம் மாற்றும் யோசனை உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். நாங்கள் மூன்று கூட்டங்கள் அதற்காகவே செலவழித்தோம். இறுதியில், இடமாற்றம் இந்த ஆய்வின் வரம்பில் இல்லை என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. அதை இரவுப் பள்ளியின் கதவில் ஒட்டினோம். கடிதத்துக்குச் சட்டப்படி எவ்வளவு வலு என்று ஒரு தம்பி கேட்டான். அதிகம் இல்லை என்றேன். ஆனாலும் அதன் பிறகுதான் மக்கள் வாய் திறந்தார்கள்.

கணக்கெடுப்பு பொய்த்த பிறகு, வாய்ச்சொல்லை விட்டுவிட்டுச் சுவரைக் கேட்போம் என்று முடிவு செய்தோம். எங்கள் பக்கம் தண்ணீர் வடிந்ததும் அது நின்ற உயரத்தில் கரியாலோ செங்கல் துண்டாலோ கோடு போட்டு வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கோடு போடாத வீட்டிலும் சுண்ணாம்பில் கறை இருக்கும், பீரோவின் காலில் துரு இருக்கும். 2015, 2021 நவம்பர், 2023 டிசம்பர் என்று மூன்று கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த சுவர்களையும் பார்த்தோம். இரவுப் பள்ளிப் பிள்ளைகள் அளவு நாடாவுடன் கிளம்பினார்கள். முதல் நாளே ஒரு சிக்கல். ஒவ்வொரு வீட்டின் தரையும் ஒவ்வோர் உயரம். இங்கே முழங்கால் அளவு என்பதும் அங்கே இடுப்பளவு என்பதும் ஒரே நீர்மட்டமாக இருக்கக்கூடும். இதைத் தீர்த்துவைத்தவர் எங்கள் தெருக் கொத்தனார் அண்ணன். கட்டட வேலையில் பயன்படுத்தும் டியூப் லெவலைக் கொண்டுவந்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். மாரியம்மன் கோயிலின் முதல் படியைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு, வீடு வீடாக மட்டத்தைக் கடத்திச் சென்றோம். குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் கணக்கு தப்பாகும் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வீணாக்கித் தெரிந்துகொண்டோம். ஒரு பக்கம் அளந்து முடித்ததும் திரும்பத் தொடங்கிய இடத்துக்கே வந்து சரிபார்க்க வேண்டும். விரல் அகலத்துக்குள் வித்தியாசம் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் மீண்டும் முதலிலிருந்து.

அளந்து முடித்தபோது எங்களுக்கே தெரியாத இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. மிகவும் பள்ளம் என்று நாங்கள் காலங்காலமாக நம்பிய பம்ப் அவுஸ் சந்து உண்மையில் மில்லுக்காரர் லைனைவிட உயரம். மில்லுக்காரர் லைனில் தண்ணீர் அதிக நாள் நின்றதற்குக் காரணம், அதன் வாசலில் இருந்த சாலை ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயர்ந்துகொண்டே வந்து ஒரு வரப்புபோல் ஆகிவிட்டது. பழைய தார்ப்படலத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருந்தார். அந்த அறிவுறுத்தலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசியது எங்களுக்கு உதவியது. இரண்டாவது விஷயம், மழைநீர் வடிகாலின் வாய். கால்வாயில் வெள்ளம் ஓடும்போது நீர்மட்டம் அந்த வாயைவிட உயரத்தில் இருந்தால், வடிகால் எவ்வளவு புதியதாக, அகலமாக இருந்தாலும் தண்ணீர் உள்ளேதான் வரும். எங்கள் சுவர்க் கோடுகளில் சில, வடிகால் வாயைவிட உயரத்தில் இருந்தன. வடிகாலை ஆழப்படுத்துங்கள் என்று வழக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்த நாங்கள், அதன்பின் வாய்க்கு அடைப்புக் கதவும் அந்த நேரத்தில் இறைக்க மோட்டாரும் கேட்கத் தொடங்கினோம். கோரிக்கை மாறியதும் பொறியாளர்கள் எங்களிடம் பேசும் தொனியும் மாறியது.

இங்கே ஓர் ஆலோசனை. குறை சொல்வதைவிட அளவு சொல்வது பலன் தரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதில் "எங்கள் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. வடிகாலின் நீள்வெட்டு வரைபடத்தின் நகல், வாயின் மட்டம், கடைசியாகத் தூர்வாரிய தேதி ஆகிய மூன்றையும் தனித்தனிக் கேள்வியாகக் கேட்க வேண்டும். மாநகராட்சி வார்டுகளில் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்தில் அந்தப் பதிலை வைத்துப் பேசி, தீர்மானத்தில் பதியச் செய்ய வேண்டும். பேசியது பதியப்படாவிட்டால் பேசவில்லை என்றே பொருள். இன்னொன்று: வருகைப் பதிவேடு என்று நீட்டப்படும் எந்தத் தாளிலும் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. எங்கள் இரண்டாவது கூட்டத்தில் நாங்கள் போட்ட கையெழுத்துகள், பின்னர் ஓர் இடைக்கால அறிக்கையில் "மக்கள் ஒப்புதல்" என்ற தலைப்பின் கீழ் இணைக்கப்பட்டிருந்தன. எதற்கு ஒப்புதல் கொடுத்தோம் என்பதை அந்த அறிக்கையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். சண்டை போட்டு அந்தப் பக்கத்தை நீக்க வைத்தோம். ஆனால் இழந்த நம்பிக்கை முழுதாகத் திரும்பவில்லை.

அந்த இடைக்கால அறிக்கையில் அடையாளம் பற்றியும் ஓர் இயல் இருந்தது. வியாசர்பாடியின் கால்பந்து, கேரம், கானா, குத்துச்சண்டை எல்லாம் அழகாகப் பட்டியலிடப்பட்டு, அவற்றைச் சுவரோவியங்களாகத் தீட்டுவது, விளையாட்டுத் திடலை மண் கொட்டி உயர்த்திப் பூங்காவாக மாற்றுவது, நுழைவு வளைவு அமைப்பது என்று யோசனைகள் இருந்தன. ஓவியம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த இயலுக்கும் வெள்ளத்தைப் பற்றிய இயலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வடிகால் ஒரு பக்கம், பெருமை இன்னொரு பக்கம் என்று வைத்திருந்தார்கள். திடல் விஷயத்தில் அந்தப் பிரிவினை அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தத் திடல் சுற்றுத் தெருக்களைவிடத் தாழ்ந்தது. மழைத் தண்ணீர் முதலில் அங்கேதான் சேரும். பந்தாடும் பையன்களுக்கு அது ஒரு கடிகாரம். கோல் கம்பத்தின் அடியில் இருக்கும் சிமெண்ட் கட்டை மூழ்கினால் அடுத்து எந்தச் சந்தில் தண்ணீர் ஏறும், ஏற எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவர்களால் சொல்ல முடியும். 2023இல் எங்கள் தெருவில் பெரும்பாலானோர் அரிசியையும் துணியையும் பரணுக்கு ஏற்றியது வானொலி கேட்டு அல்ல. இரவு பத்து மணிக்கு ஒரு பையன் "கட்டை முழுகிடுச்சு" என்று கத்திக்கொண்டே ஓடியதைக் கேட்டுத்தான்.

திடலை உயர்த்தினால் அந்தத் தண்ணீர் நேராக வீடுகளுக்குத்தான் போகும். இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரே குரலில் எதிர்த்திருப்போம் என்று நினைத்தால் அது தவறு. உயர்த்த வேண்டும் என்று முதலில் கேட்டவர்களே அந்தப் பந்தாட்டப் பையன்கள்தான். ஆண்டுக்கு இரண்டு மாதம் சேற்றில் பயிற்சி இல்லாமல் போகிறது, மாவட்டப் போட்டிகள் கைநழுவுகின்றன என்பது அவர்கள் பக்கத்து நியாயம். வீட்டுக்காரர்களுக்கும் அவர்களுக்கும் வாக்குவாதம் முற்றி, ஒரு வாரம் இரவுப் பள்ளியைப் பூட்டி வைக்கும் அளவுக்குப் போனது. கடைசியில், திடல் தாழ்வாகவே இருக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் படிக்கட்டுபோல் உயரமான மேடை கட்டி, அதன் கீழ் கயிறு, ரப்பர் டியூப், அடுப்பு, பாத்திரம் வைக்க ஓர் அறை, மேலே பயிற்சிக்கு ஒரு சிறு தளம் என்று ஒத்துக்கொண்டோம். பையன்கள் முழு மனத்துடன் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள் என்பதைத் திட்ட ஆவணத்தில் எழுதும்படி கேட்டேன்; எழுதவில்லை.

ஆவணங்களைக் காப்பாற்றும் விஷயத்தில் எங்களுக்கு வழிகாட்டியவை பர்மாக் குடும்பங்கள். 2015இல் எங்கள் தெருவில் குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை எதுவும் மிஞ்சாத வீடுகள் ஏராளம். அரசு சிறப்பு முகாம் நடத்தி நகல் கொடுத்தது என்றாலும் அலைந்த அலைச்சல் கொஞ்சம் அல்ல. அத்தோ கடைக்காரர் வீட்டில் ஒரு தாள்கூட நனையவில்லை. அவருடைய தகப்பனார் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டியில், அகதி அடையாளச் சீட்டு முதல் பேத்தியின் பிறப்புச் சான்று வரை எல்லாம் மெழுகுத் துணியில் சுற்றிப் பரணில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சொத்தை ஒருமுறை விட்டுவிட்டு வந்தவர்களுக்குத் தாளின் அருமை தெரியும். அதைப் பார்த்து, ஒவ்வொரு வீட்டுக்கும் கெட்டியான பிளாஸ்டிக் உறை வாங்கிக் கொடுத்து, 2023 கோட்டுக்கு இரண்டு முழம் மேலே ஆணியடித்துத் தொங்கவிடச் சொன்னோம். மொத்தத் திட்டத்திலும் மிகக் குறைந்த செலவில் முடிந்த வேலை இது; ஆனால் பலன் உடனே தெரிந்தது.

அதனுடன், தனியாக வசிக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், நடக்க முடியாதவர்கள் ஆகியோரின் பட்டியலை நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். கைப்பேசியில் வைத்தால் போதாதா என்று குழுவினர் கேட்டார்கள். 2015இல் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் ஒன்றாகப் படுத்தபோது எங்களிடம் இருந்த எண்கள் எல்லாம் எதற்கும் உதவவில்லை. ஆகவே மூன்று நோட்டுகள், மூன்றும் மாடி வீடுகளில். யாரை யார் தூக்கி வர வேண்டும் என்பதையும் பெயர் போட்டு எழுதினோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தாவிட்டால் அந்த நோட்டு பயனற்றது. எங்களுடையதே ஒருமுறை காலாவதியாகி, இறந்துபோன தாத்தா ஒருவரின் பெயர் ஒத்திகையின்போது உரக்கப் படிக்கப்பட்டு, அவர் மனைவி அழுதுவிட்டார்.

எங்கள் பெரிய தவறுகள் இரண்டு. வாடகைக்கு இருப்பவர்களை முதல் ஆறு மாதம் நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. குடும்ப அட்டையில் இந்த முகவரி இல்லாததால் பட்டியலுக்குள் வரவில்லை. தரைத்தளத்தின் ஒற்றை அறைகளில் இருப்பவர்களே பெரும்பாலும் அவர்கள்தான், தண்ணீர் முதலில் ஏறுவதும் அங்கேதான். "நம்ம ஊர்" என்று நாங்கள் பெருமையாகப் பேசிய பேச்சிலேயே அவர்கள் விடுபட்டுப் போயிருந்தார்கள்.

இரண்டாவது தவறு இன்னும் நெருடலானது. எங்கள் பகுதியின் அடையாளத்தைத் தொகுத்தபோது மில் தொழிலாளி, பந்தாட்டக்காரர், கானாப் பாடகர், இரவுப் பள்ளி ஆசிரியர் என்று எல்லோரையும் எழுதினோம். துப்புரவுப் பணியாளர்களை எழுதவில்லை. எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் அந்த வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். மறந்தோம் என்று சொன்னால் அது பொய். முகவரியில் பெரம்பூர் என்று போடச் செய்த அதே வெட்கம்தான் இங்கும் வேலை செய்தது. ஒரு நாள், வடிகால் வரைபடத்தை விரித்து வைத்து, அத்தோ கடை முனையில் தண்ணீர் எங்கிருந்து பொங்குகிறது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, அந்தப் படம் தப்பு என்றார். பாதாளச் சாக்கடைக்குள் ஆள் இறங்குவதற்கு எதிரான சட்டம் 2013இல் கடுமையாவதற்கு முந்தைய காலத்தில் அந்தக் குழிகளுக்குள் இறங்கியவர் அவர். மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் ஓரிடத்தில் பழைய செங்கல் தொட்டியில் ஒன்றாகச் சேர்வதையும், மேலே சாலை போட்டதில் அதன் மூடி மறைந்துபோனதையும் சொல்லி, எங்கள் நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து காட்டினார். அவர் காட்டிய இடத்தில் தோண்டியபோது மூடி இருந்தது. தொட்டி முழுக்க வண்டல்.

வரைபடத்தில் அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், வேண்டாம் என்றார். அடையாளத்தைக் கொண்டாடுவோம் என்று எழுதும் திட்டங்கள் எல்லாம், யாருடைய அடையாளம் சுவரில் ஏறத் தயாராக இருக்கிறது, யாருடையது இன்னும் பென்சில் கோடாகவே இருக்க விரும்புகிறது என்று கேட்க வேண்டும் என்பதை அவரிடம் கற்றேன். அவர் சொன்ன தகவலுக்கு ஆலோசகர்களுக்குக் கொடுப்பது போன்ற ஒரு நாள் ஊதியம் கொடுக்க வேண்டும் என்று வாதாடி வாங்கிக் கொடுத்தோம். பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "இறங்கினப்ப இவ்ளோ குடுக்கல" என்று மட்டும் சொன்னார்.

இறுதி அறிக்கை அழகாக அச்சாகி வந்தது. எங்கள் தெருக்கள் அதிலும் எண்களாகவே இருக்கின்றன. ஆனால் பின்னிணைப்பில் ஒரு பக்கத்தில் எண்ணுக்கு எதிரே நாங்கள் புழங்கும் பெயர்களும், கோயில் படியிலிருந்து அளந்த நீர்மட்டங்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. திடல் மேடைக்கு நிதி இன்னும் வரவில்லை. மறைந்திருந்த தொட்டியின் மூடி உயர்த்தப்பட்டுச் சாலை மட்டத்துக்கு வந்துவிட்டது. மில்லுக்காரர் லைன் வாசலில் தாரைச் சுரண்டியே போட்டார்கள்; போடும்போது ஆயா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வடிகால் வாயின் கதவைப் பற்றிக் கோப்பு நகர்கிறது என்கிறார்கள்.

ஐப்பசி பிறப்பதற்குள் கோயில் படியிலிருந்து மட்டத்தை மறுபடி எடுக்க வேண்டும், ஏனெனில் இரண்டு தெருக்களில் குழாய் பதிக்கத் தோண்டி மூடியிருக்கிறார்கள். கொத்தனார் அண்ணனின் டியூப் அவருடைய வேலைக்குப் போய்விட்டது. புதிதாகப் பத்து மீட்டர் வாங்க வேண்டும். இந்த முறை குமிழ் எளிதில் தெரியும்படி தண்ணீரில் கொஞ்சம் நீலம் கலக்கச் சொல்லியிருக்கிறார்.